உதடு காட்டிய பக்கம்

மனாங் கொன்சோர்சியா பிழைத்ததே தொண்டையால்தான். மனாங் என்றால் எங்கள் பேச்சில் அக்கா; கொன்சோர்சியாவைச் சுருக்கி சோர்சி என்போம். எங்கள் ஊர் இலோயிலோவின் படகுத்துறையில் முப்பத்திரண்டு வருஷம் நின்று, ஜீப்னி என்கிற நீள ஷேர் வண்டிகளுக்கு ஆள் சேர்த்தவர். கிமராஸ் தீவிலிருந்து வரும் படகு கரையில் ஒதுங்கும் முன்பே ஆரம்பித்துவிடுவார். "சந்தைக்கு, சந்தைக்கு! இன்னும் ரெண்டே பேர்! நகருங்க, இடுப்பைச் சுருக்குங்க, வீட்டுக்குப் போய் விரிச்சுக்கலாம்!" வண்டியில் ஓர் ஆள்கூட ஏறியிருக்காது. இருந்தாலும் எப்போதும் இன்னும் ரெண்டே பேர்தான். நானே அந்தப் பேச்சை நம்பி ஏறி, அரை மணி நேரம் வெயிலில் வெந்திருக்கிறேன்.

அந்தத் தொண்டை ஒரு ஜூன் மாதக் காலையில் நின்றுபோனது. அதற்கப்புறம் அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. கப்பலில் வேலை செய்யும் மகன் ரெனான்தேயின் குரலைக் கேட்க வேண்டும். இந்தச் சின்ன விஷயம் எங்கள் மண்டையில் ஏற ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. ஏறாமல் போனதற்கு முதல் காரணம் நான். அதனால் இதை நானே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

என் பெயர் நெல்ஃபா. கன்னிகாஸ்திரீகள் நடத்தும் முதியோர் இல்லத்தில் பெண்கள் கூடத்தைப் பத்தொன்பது வருஷமாகப் பார்த்துக்கொள்கிறேன். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் நான்தான். எனக்கு வாய் நீளம், பொறுமை குட்டை. ஆனால் "நெல்ஃபா முகத்தைப் பார்த்தே சொல்லிடுவா" என்று பேர் வாங்கியவள். யாருக்குத் தாகம், யாருக்கு வயிற்று வலி, யார் அழுதுவிட்டுத் தூங்குவதுபோல நடிக்கிறார்கள் என்று சட்டென்று சொல்வேன். அந்தப் பேர்தான் என்னைக் கெடுத்தது.

மனாங் சோர்சி பிறந்தது கிமராஸில். பத்தொன்பது வயதில் ஒரு படகு மெக்கானிக்கோடு இந்தக் கரைக்கு வந்தார். ரெனான்தேக்கு நாலு வயதாகும்போது அந்த மெக்கானிக் தெற்கே வேலை தேடிப் போனான், போனவன் போனவன்தான். பையன் படகுத்துறையில் அம்மாவின் குடைக்கடியிலேயே வளர்ந்தான். அம்மா கத்தக் கத்த அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். வாயே திறக்க மாட்டான். கடையில் ஐஸ் வாங்குவதிலிருந்து பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்குப் பதில் சொல்வது வரை அவனுக்கும் சேர்த்து இவரே பேசினார். பெண் கேட்கப் போன இடத்திலும் இவரே பேசினார். பெண் வீட்டார் மிரண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவனுக்கு இப்போது நாற்பது வயது. இன்னும் தனியாள்.

முழங்கால் போனதும் அவன்தான் மனாங்கை எங்களிடம் கொண்டுவந்து விட்டான். சரக்குக் கப்பலில் இஞ்சின் அறையில் வேலை. சிக்னல் கிடைக்கும் இடத்தில் கப்பல் இருந்தால், ஞாயிறு பூசை முடிந்ததும் இல்லத்து போனுக்குக் கூப்பிடுவான். பொத்தான் வைத்த பழைய போன், படமெல்லாம் காட்டாது. அரை மணி நேரம் மனாங் பேசுவார். அவன் "உம்" என்பான். மறுபடியும் "உம்" என்பான். கூடமே உட்கார்ந்து கேட்கும்.

"இந்தக் கத்தலுக்கு எதுக்கு போன்? ஜன்னலைத் திறந்துவிட்டா கப்பலுக்கே கேட்கும்" என்பார் அடுத்த கட்டில் மனாங் பிடாங்.

"உனக்கு யாரும் கூப்பிடலைன்னு எரிச்சல்" என்று போனைப் பொத்திக்கொண்டு சொல்லிவிட்டு, மறுபடி மகனிடம் திரும்புவார் மனாங் சோர்சி. "சாப்பிட்டியா? என்ன சாப்பிட்டே? சரி, நீ சொல்ல மாட்டே, நானே சொல்றேன். கோழி. கப்பல்ல எப்பவும் கோழிதான்."

பக்கவாதம் வந்து பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் கிடந்துவிட்டுத் திரும்பியபோது அவருக்கு வலது கையும் காலும் இல்லை என்று ஆகிவிட்டது. பேச்சும் போய்விட்டது. தொண்டையிலிருந்து "ஊ" என்று ஒரு சத்தம் மட்டும் வரும். மூக்கில் கஞ்சி போகும் குழாய். இடது கை மட்டும் நன்றாக இருந்தது. அந்தக் கையால் குழாயை ஒருநாள் பிடுங்கிப் போட்டுவிட்டார். அன்றிலிருந்து அந்தக் கையைத் துணியால் கட்டில் கம்பியோடு கட்டிவைத்தோம். கட்டியது நான்தான்.

திரும்பி வந்த முதல் ஞாயிறு ரெனான்தே கூப்பிட்டான். நான் போனை எடுத்துக்கொண்டு மனாங்கின் கால்மாட்டில் நின்றே பேசினேன். "தோத்தோ, தம்பி, அம்மாவால பேச முடியாது. நீ கூப்பிட்டு என்ன ஆகப்போகுது சொல்லு? உனக்கும் மனசு கஷ்டம், அவங்களுக்கும் கஷ்டம். எதுவும் இருந்தா நானே மெசேஜ் போடுறேன். நீ வேலையைப் பாரு."

அவன் "உம்" என்றான். அவ்வளவுதான்.

நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். சத்தியமாக. ஆனால் யாரைப் பற்றிப் பேசினேனோ அவர் மூன்று முழம் தள்ளிப் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். வாய் போனால் காதும் போய்விடும் என்று எந்த மடையன் எனக்குச் சொல்லிக் கொடுத்தான்? யாரும் சொல்லவில்லை. நானாகவே நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு போன் அடிக்கவில்லை. அன்று பூசை முடிந்ததிலிருந்து மனாங் "ஊ, ஊ" என்று உதட்டை நீட்டிக்கொண்டே இருந்தார்.

எங்கள் ஊரில் எதையும் விரல் நீட்டிக் காட்டுவது அவ்வளவு மரியாதை இல்லை. உதட்டைக் குவித்து அந்தப் பக்கம் நீட்டினால் போதும், கடைக்காரரோ மாமியாரோ சரியாகப் புரிந்துகொள்வார். பிறந்ததிலிருந்து உதடு பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். மனாங்கின் உதடு இடது பக்கம் போனது. அவர் கட்டிலுக்கு இடது பக்கம் ஜன்னல். ஜன்னலுக்கு அப்பால் கடல். கடலுக்கு அப்பால் கிமராஸ்.

"ஜன்னல் திறக்கணுமா?" என்று கேட்டுத் திறந்தேன். உதடு நிற்கவில்லை. "வெயில் படுதா?" திரையை இழுத்தேன். நிற்கவில்லை. ஜன்னல் மேடையிலிருந்த மாதா சிலையைக் கொண்டுவந்து மார்பில் வைத்தேன். கண்ணீர் கொட்டியது.

"புரிஞ்சுபோச்சு" என்றேன் மனாங் பிடாங்கிடம். "ஊர் நினைப்பு. தீவைப் பார்க்கணுமாம்."

"சோர்சிக்கா? ஊர் நினைப்பா?" பிடாங் வாயைக் கோணினார். "அந்தத் தீவுல மாமரம்தான் இருக்கு, பேச்சுக்கு மனுஷங்க எங்கேன்னு கேட்கிறவ அவ."

"உடம்பு விழுந்தா எல்லாருக்கும் ஊர் நினைப்பு வரும் மனாங். பத்தொன்பது வருஷமா பார்க்கிறேன்."

இப்படித்தான் பேசினேன். கேள்வி கேட்பேன், பதிலும் நானே சொல்வேன். கேட்ட கேள்விக்கு அவர் முகத்தை ஒரு நொடி பார்ப்பேன், ஒன்றும் வராது, அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவேன். ஆறு கட்டில், இரண்டு கை. நின்று பார்க்க எனக்கு எங்கே நேரம்?

ஞாயிறுகள் போயின. மனாங் மெலிந்துகொண்டே வந்தார். மூக்குக் குழாயை எடுத்துவிட்டு வாயால் ஊட்ட ஆரம்பித்தபோது கஞ்சியை உதட்டிலேயே நிறுத்திவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வாய்கூடச் சாப்பிட மாட்டார். குழாய் போன பிறகும் கைக்கட்டை அவிழ்க்க எனக்குத் தோன்றவில்லை. உதடு மட்டும் ஜன்னல் பக்கம் போய்க்கொண்டே இருக்கும். தலைமை சிஸ்டர் ஹசின்தா என்னைக் கூப்பிட்டார்.

"அவங்க ஆசை அதுதான்னா கூட்டிட்டுப் போயேன், நெல்ஃபா. தீவு வரைக்கும் வேண்டாம், படகு ஆடும். துறை வரைக்கும் போய்க் காட்டிட்டு வா."

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். எல்லாரும் சேர்ந்து தயார் செய்தோம். பிடாங் தன் பூப்போட்ட தொப்பியைக் கொடுத்தார், பொறாமையோடுதான். ஏழாவது ஞாயிறு காலை, மனாங்கைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, வண்டியில் ஏற்றி, அவருடைய பழைய படகுத்துறைக்குக் கொண்டுபோனேன். இல்லத்து போன் என் ஏப்ரன் பையில் இருந்தது, அவசரத்துக்கு.

துறையில் அவரைத் தெரியாதவர்கள் யார்? ஜீப்னிக்காரர்கள் ஓடிவந்தார்கள். "சோர்சி ராணி வந்தாச்சு! இன்னும் ரெண்டே பேர்!" என்று ஒருவர் அவரைப் போலவே கத்தினார். மனாங்கின் பாதி முகம் சிரித்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நாற்காலியைக் கரையோரமாகத் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தினேன். கடல் அவருக்கு வலது பக்கம். தண்ணீருக்கு அப்பால் கிமராஸ் பச்சைப்பசேலென்று படுத்திருந்தது.

"பாருங்க மனாங், உங்க ஊர்! நல்லா பாருங்க!"

மனாங் "ஊ" என்றார். உதடு போனது. இடது பக்கம்.

இடது பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். கழிப்பறைச் சுவர்.

"அவசரமா மனாங்?" என்று கேட்டேன். முகத்தில் ஒன்றும் இல்லை. சரி, வெயில் கண்ணைக் கூசுகிறது போல என்று நாற்காலியைத் திருப்பி எதிர்ப்பக்கம் பார்க்க வைத்தேன். இப்போது கடல் இடது பக்கம் வந்துவிட்டது. உதடு கடலைக் காட்டியது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். என்னவோ தோன்றியது. மறுபடி ஒரு தடவை திருப்பினேன். உதடு கழிப்பறைச் சுவருக்கே வந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். வறுத்த வேர்க்கடலை விற்கிறவளைக் காட்டியது. அவள், "எத்தனை பொட்டலம் வேணும் மனாங்?" என்று எழுந்து வந்தாள்.

அப்போதுதான் என் மரமண்டையில் உறைத்தது. மனாங் எதையும் காட்டவில்லை. வலது பாதி செத்துப்போன வாய் அது. எந்தப் பக்கம் நீட்ட நினைத்தாலும், உயிர் இருக்கிற இடது பக்கம்தான் இழுத்துக்கொண்டு போகும். ஏழு வாரமாக நாங்கள் எல்லாரும், உதடு பார்த்தே வளர்ந்த நாங்கள், ஒரு கோணல் வாயைப் பார்த்து ஜன்னல் திறந்தோம், திரை இழுத்தோம், தீவைக் காட்டப் பயணம் கட்டினோம். வேறு எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் பக்கவாத வாய் என்று ஒரே பார்வையில் சொல்லியிருப்பான்.

நான் அவர் முன்னால் அந்த சிமெண்ட் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். "மனாங், எனக்குப் புரியல மனாங். என்னதான் வேணும் உங்களுக்கு?" என்றேன். முதல் தடவையாகப் புரியவில்லை என்று சொன்னேன். சொல்லிவிட்டு எழுந்து போகவும் இல்லை, போக இடமில்லை.

நாற்காலியில் அவர் இடது கையை யாரும் கட்டியிருக்கவில்லை. அந்தக் கை மெதுவாக எழுந்தது. என் ஏப்ரன் பையைப் பிடித்து இழுத்தது. உள்ளே விரலை விட்டு, போனைப் பிடித்தது.

ஐயோ, என் கடவுளே. எங்கள் கூடத்தில் போன் வைக்கிற பலகை கதவோரம் இருக்கிறது. அவர் கட்டிலுக்கு வலது பக்கம்.

"ரெனான்தேயா?" என்றேன். "ரெனான்தே பேசணுமா மனாங்?"

பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. வழக்கம்போல எழுந்திருக்கப் போனேன், ஆனால் போன் அவர் கையில் இருந்தது, விடமாட்டேன் என்றார். அதனால் உட்கார்ந்திருந்தேன். எட்டு, ஒன்பது எண்ணுகிற நேரம் போயிருக்கும். அவருடைய இரண்டு புருவமும் ஒன்றாக மேலே ஏறின.

எங்கள் ஊரில் புருவம் ஏறினால் ஆமாம். கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். அவர் ஏழு வாரமாக எனக்குப் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். பதில் வருகிற நேரத்தில் நான் அடுத்த கட்டிலில் இருந்திருக்கிறேன். அந்த வேர்க்கடலைக்காரி முன்னால், ஜீப்னிக்காரர்கள் முன்னால், மனாங்கின் மடியில் முகத்தை வைத்து அழுதேன். "மன்னிச்சிடுங்க மனாங். நான்தான் அவனைக் கூப்பிட வேண்டாம்னு சொன்னேன். நீங்க கேட்டுட்டுதானே இருந்தீங்க?" இந்தத் தடவை எண்ணிக்கொண்டே காத்திருந்தேன். புருவம் ஏறியது. பிறகு அந்த இடது கை என் தலையில் ஒரு தட்டு தட்டியது. கொஞ்சம் பலமாகவே.

அங்கேயே ரெனான்தேக்கு மெசேஜ் போட்டேன். அம்மா உன் குரல் கேட்கணும்கிறாங்க, உடனே கூப்பிடு. துறையிலேயே மதியம் வரை உட்கார்ந்திருந்தோம். கிளம்பும்போது பதில் வந்தது. "கப்பல் கிளம்பிவிட்டது மனாங் நெல்ஃபா, மெசேஜ் மட்டும்தான் போகிறது. இனி மூன்று வாரம் சிக்னலே இருக்காது. அம்மாவால் பேச முடியாதே. நான் என்ன பேசுவது?"

கடைசி வரியைப் படித்து எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நாற்பது வயது ஆண்பிள்ளை, பெற்றவளிடம் என்ன பேசுவது என்று கேட்கிறான். அப்புறம் யோசித்தேன். பாவம், அவனுக்குப் பேசிப் பழக்கமே இல்லையே. முழுப் பேச்சையும் அவர்தானே பேசினார்.

அன்றைக்கே கட்டில் கம்பியில் தொங்கிய அந்தக் கைக்கட்டுத் துணியை அவிழ்த்துக் குப்பையில் போட்டேன். போனை அவர் இடது பக்கம், ஜன்னல் மேடையில், மாதா பக்கத்தில் வைத்தோம். கூடத்தில் எல்லாருக்கும் ஒரே சட்டம் போட்டேன். மனாங்கிடம் ஆமாம்-இல்லை என்று பதில் சொல்கிற மாதிரி கேட்க வேண்டும், கேட்டுவிட்டுப் பத்து வரை எண்ண வேண்டும், நடுவில் வாய் திறக்கக் கூடாது. புருவம் ஏறாவிட்டால் இல்லை என்று அர்த்தம். சிஸ்டர் ஹசின்தாவுக்கும் அதே சட்டம்தான். அவர் ஏழிலேயே அடுத்த கேள்விக்குப் போய்விடுவார், நான் முறைப்பேன்.

ரெனான்தே எப்போது கூப்பிடுவான் என்பதையும் மனாங்கிடம் நேரே சொன்னேன். "மூணு வாரம், மனாங். மூணு ஞாயிறு போகணும். காத்திருப்பீங்களா?" புருவம் ஏறியது. கஞ்சிக்கு வாய் திறந்தார்.

ஆனால் காத்திருப்பது லேசா? முதல் ஞாயிறு கையைப் போன் மேலேயே வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கிடந்தார். இரண்டாவது ஞாயிறு ஒரு தப்பு அழைப்பு வந்தது, யாரோ அரிசிக் கடையைக் கேட்டார்கள். அந்த மணிச் சத்தத்துக்கு அவர் முகம் மலர்ந்ததையும், நான் "தப்பு நம்பர்" என்றதும் அது சுருங்கியதையும் பார்த்திருக்க வேண்டாம். அந்த வாரமே காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி என்றார் டாக்டர், வயசானவங்களுக்கு நல்லதில்லை என்றார். நான் பத்து எண்ணியது போய்ப் பதினைந்து, இருபது என்று எண்ண வேண்டியதாயிற்று. ஒருநாள் முப்பது வரை எண்ணினேன். மூன்றாவது ஞாயிறும் வந்தது, போனது. போன் வாயே திறக்கவில்லை.

"இன்னும் ரெண்டே நாள் மனாங்" என்று பொய் சொன்னேன். துறையில் அவர் சொன்ன மாதிரியே.

வியாழக்கிழமை, பதினோரு மணி வெயிலில், நான் மனாங் பிடாங்குக்குத் தலை கழுவிவிட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. "போடி, போ! சோப்பு கிடக்கட்டும்!" என்று பிடாங் என்னைத் தள்ளிவிட்டார். ஈரக் கையோடு ஓடினேன்.

"மனாங் நெல்ஃபா, நான் ரெனான்தே. அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்கடா. உனக்காகத்தான் இருக்காங்க. ஸ்பீக்கர்ல போடுறேன், பேசு."

"நானாய்" என்றான். அம்மா என்று அவ்வளவுதான். இஞ்சின் எங்கோ அடித்துக்கொண்டிருந்தது. மனாங் போனையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேசுடா!"

"என்ன பேச மனாங்?"

"என்ன சாப்பிட்டே, அதைச் சொல்லு!"

"கோழி."

மனாங்கின் பாதி முகம் அப்படியே சிரித்தது. "சிரிக்கிறாங்கடா" என்றேன். அந்தப் பக்கம் அவன் மூச்சு விடுவது கேட்டது.

"அவங்களுக்கு நான் பேசுறது புரியுதா?"

"அவங்களையே கேளு. ஆமான்னா புருவத்தைத் தூக்குவாங்க. நான் சொல்றேன். ஆனா கேட்டுட்டு பொறுமையா இரு, நேரமாகும்."

"எனக்குத் தெரியும் மனாங்" என்றான். "இஞ்சின் ரூம்ல யாருக்கும் காது கேட்காது. நம்ம ஊர்ப் பசங்க நாலு பேர் இருக்கோம், நாள் பூரா புருவத்தாலதான் பேசிக்குவோம்." இவ்வளவு நீளமாக அவன் பேசி நான் கேட்டதே இல்லை. "நானாய், அடிக்கடி நான் உங்களை மாதிரி கத்துவேன். நகருங்க, இடுப்பைச் சுருக்குங்கன்னு. இஞ்சின் சத்தத்துல எவனுக்கும் கேட்காதுல்ல, அதனால வெட்கமா இருக்காது. உங்களுக்குத் தெரியுமா?"

அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்? கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. துடைத்துவிட்டேன்.

"நானாய்..." என்று இழுத்தான். "இத்தனை வாரம் கூப்பிடலைன்னு என்மேல கோபமா?"

நான் எண்ண ஆரம்பித்தேன். பத்து. பதினைந்து. தலையில் நுரையோடு பிடாங் வந்து நின்றார். இருபது. முப்பது. புருவம் அசையவில்லை.

"என்ன சொல்றாங்க மனாங்?"

"கோபம் இல்லைன்னு சொல்றாங்கடா."

அவன் அழுதான். அந்தப் பெரிய ஆம்பிளை இஞ்சின் சத்தத்துக்கு நடுவில் விம்மி விம்மி அழுதான். மனாங் இடது கையால் போனைத் தடவிக்கொண்டே இருந்தார். அவன் மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டான்.

"நானாய், நான் இன்னும் பேசட்டுமா? களைப்பா இருந்தா வச்சிடவா?"

இந்தத் தடவை நான் எண்ணவே வேண்டியிருக்கவில்லை. இரண்டு புருவமும் சடாரென்று ஏறின. ஏறியவை அங்கேயே நின்றன, நெற்றியெல்லாம் சுருங்கி, கண் இரண்டும் போனில்.

"தூக்கிட்டாங்களா மனாங்?" என்றான்.

"தூக்கிட்டாங்க. இன்னும் இறக்கல" என்றேன். "நீ பேசுடா."